ஆப்டிமைஸ் ஆன புரோகிராமில் டீபக்கர் காட்டும் மதிப்பை நம்பலாமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் திருவொற்றியூரில் சி, சி++ படிக்கிற பிள்ளைகளோடு உட்காருவது என் வழக்கம். வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கமிருந்து வருவார்கள். மற்ற நாட்களில் எனக்கு வேலை மணலி பக்கம், கன்டெய்னர் லாரிகளை ஏற்றி எடை போடும் எடைமேடைகளுக்கான மென்பொருளில். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலர், ஜிடிபி என்ற டீபக்கர் (ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்தி மதிப்புகளைப் பார்க்கும் கருவி) இரண்டையும் வைத்துத்தான். ஆப்டிமைஸ் செய்வது என்றால், புரோகிராம் வேகமாக ஓடும்படி கம்பைலர் கோடை மாற்றி அமைப்பது. கிளாங், எல்எல்டிபி பயன்படுத்துகிறவர்களுக்கும் விஷயம் அதேதான்.

ஜிடிபியில் மதிப்பைக் கேட்டால் "ஆப்டிமைஸ்ட் அவுட்" என்று வருகிறது. என் கோடில் தப்பா?

இல்லை. நீங்கள் நின்றிருக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனில் அந்த வேரியபிளின் மதிப்பு எங்கே இருக்கிறது என்று கம்பைலர் டீபக்கருக்கு எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் காரணம், அதன் வேலை முடிந்துவிட்டது. மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்த பிறகு மொத்த எடை வேறெங்கும் தேவையில்லை என்றால், கழித்த விடையை அதே ரிஜிஸ்டரில் (பிராசசருக்குள்ளேயே மதிப்பு வைக்கும் சின்ன இடம்) போட்டுவிட்டு கம்பைலர் போய்க்கொண்டே இருக்கும். பழைய மதிப்பு அழிந்தே போயிருக்கும், அதைத் திருப்பிக் கொடு என்றால் யாராலும் முடியாது.

இந்தச் செய்தியைப் பார்த்தால் பிள்ளைகள் எரிச்சலாகிறார்கள். எனக்கு அது பிடித்த செய்தி, ஏனென்றால் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறது. ஒரு எண்ணைக் காட்டி, அது பழைய எண்ணாக இருக்கிற இடம்தான் ஆபத்து.

டீபக்கருக்கு மதிப்பு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

-ஜி என்று கொடுத்துக் கம்பைல் செய்தால், கம்பைலர் புரோகிராமோடு ஒரு குறிப்பேட்டையும் சேர்த்து எழுதுகிறது. லினக்ஸில் அதன் வடிவத்துக்குப் பெயர் டுவார்ஃப். 5ஆம் பதிப்பு 2017இல் வந்தது. அதில் ஒவ்வொரு லோக்கல் வேரியபிளுக்கும் ஒரு பட்டியல் இருக்கலாம்: இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை ஆர்டிஐ ரிஜிஸ்டரில், அதற்கப்புறம் கொஞ்ச தூரம் ஆர்பிஎக்ஸில், அதற்கப்புறம் ஸ்டாக்கில் (ஃபங்ஷன்களின் லோக்கல் மதிப்புகளுக்கான மெமரிப் பகுதி), நடுவில் எங்கேயும் இல்லை, இப்படி.

-ஓ0இல், அதாவது ஆப்டிமைசேஷன் இல்லாமல், இந்தப் பட்டியலே தேவைப்படாது. ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஸ்டாக்கில் நிரந்தரமான இடம் உண்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் மதிப்பு அங்கே போய் உட்கார்ந்துவிடும். -ஓ2இல், அதாவது ஆப்டிமைசேஷனோடு, அந்தச் சொந்த வீடு கிடையாது. ரிஜிஸ்டர்கள் வண்ணாரப்பேட்டை ஒண்டுக்குடித்தனம் மாதிரி, ஒருவர் காலி செய்த அன்றே அடுத்தவர் சாமான் இறக்குவார், பழைய விலாசத்தை வைத்துக் கதவைத் தட்டினால் யாரோ ஒருவர் திறக்கத்தான் செய்வார். குறிப்பேடு சரியாக இருந்தால் டீபக்கர் சரியான கதவைத் தட்டும். குறிப்பேடு எழுதுவதோ, ஏராளமான ஆப்டிமைசேஷன் படிகள் கோடைப் பிரித்து மாற்றி அடுக்கிய பிறகும் எது எங்கே போனது என்று விடாமல் பின்தொடர வேண்டிய வேலை. ஜிசிசி 2010இல் 4.5 பதிப்பில் அசைன்மென்ட்களைப் பின்தொடரும் முறையைக் கொண்டுவந்த பிறகு நிலைமை நிறையத் தேறியது. ஆனாலும் ஓட்டைகள் இருக்கின்றன.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1982இலேயே ஜான் ஹென்னெஸி இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். பின்னால் ஸ்டான்ஃபோர்டின் தலைவரானார், டேவிட் பேட்டர்சனோடு சேர்ந்து 2017க்கான டூரிங் விருது வாங்கினார், அதே ஹென்னெஸிதான். சோர்ஸ்படி இப்போது என்ன மதிப்பு இருக்க வேண்டுமோ அது இல்லாத வேரியபிள், இருக்குமா இருக்காதா என்று எந்த வழியாக வந்தோம் என்பதைப் பொறுத்து மாறும் வேரியபிள் என்று இரண்டையும் அவர் அப்போதே பிரித்துக் காட்டினார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் மாட்டிக்கொள்வது அதே இரண்டில்தான்.

"பழைய எண்ணைக் காட்டும்" என்றால் எப்படி? ஒரு உதாரணம் சொல்லுங்கள் அண்ணா.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

லாரி மேடையில் ஏறி நின்றவுடன் எடையைப் பதிய முடியாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் எண் மேலும் கீழும் ஆடும். அதனால் அடுத்தடுத்த அளவீடுகளுக்கு நடுவே வித்தியாசம் 20க்குள் இருந்தால் ஒரு எண்ணிக்கையை ஒன்று கூட்டு, மீறினால் பூஜ்யமாக்கு, தொடர்ந்து 10 வந்தால் எடை நிலையாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அந்த எண்ணிக்கை ஒரு குளோபல் வேரியபிள். மேசைக் கணினியில் வருஷக்கணக்காக ஓடிய அந்தக் கோடை, சின்ன ஏஆர்எம் போர்டுக்கு மாற்றியதும் எடை நிலையாகவே மறுத்தது. டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், பின்னால் வரிசை நீள்கிறது. -ஓ0இல் கம்பைல் செய்தால் அந்த போர்டு அளவீடுகளுக்கு ஈடுகொடுக்கவில்லை, ஆகவே -ஓ2இலேயே டீபக் செய்தாக வேண்டும்.

பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் லூப்புக்குள் நிறுத்தி எண்ணிக்கையைக் கேட்டார். 0. தொடரவிட்டு மறுபடி நிறுத்தினார். 0. எத்தனை முறை கேட்டாலும் 0. ஒப்பீடு ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை என்று முடிவு கட்டி, சென்சார் ரொம்ப ஆடுகிறது போல என்று 20ஐ 60 ஆக்கிப் பார்த்தார். பலன் இல்லை.

நடந்தது இதுதான். லூப்புக்குள் வேறு ஃபங்ஷன் எதுவும் கூப்பிடப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் குளோபலை மெமரியிலிருந்து எடுத்துத் திரும்ப எழுதுவது வீண் என்று கம்பைலர் எண்ணிக்கையை ஒரு ரிஜிஸ்டரில் வைத்துக்கொண்டது. லூப் முடிந்ததும் ஒரே ஒருமுறை மெமரியில் எழுதும். குளோபல் வேரியபிளுக்கோ குறிப்பேட்டில் பட்டியல் கிடையாது, நிலையான ஒரே முகவரிதான். டீபக்கர் அந்த முகவரியைப் படித்து 0 என்றது. மெமரியில் இருந்ததும் 0தான், டீபக்கர் பொய் சொல்லவில்லை. "ஆப்டிமைஸ்ட் அவுட்" என்ற எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் டீபக்கரைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக இருக்கிறது.

டிஸ்அசெம்பிளியை (பிராசசர் ஓட்டும் இன்ஸ்ட்ரக்‌ஷன்களின் பட்டியல்) திறந்து எந்த ரிஜிஸ்டரில் ஒன்று கூடுகிறது என்று பார்த்து, அந்த ரிஜிஸ்டரையே கேட்டோம். 4, 5, 6 என்று ஏறியது. பிறகு திடீரென்று 0. ஆக ஒப்பீடு ஜெயிக்கிறது, இடையிடையேதான் தோற்கிறது. இரண்டும் முற்றிலும் வேறு நோய்கள். எப்போது தோற்கிறது என்று பார்த்தால், அளவீடு இறங்கும்போது மட்டும். வித்தியாசத்தை வெறும் சார் என்ற ஒரு பைட் வகை வேரியபிளில் வைத்திருந்தார்கள். எக்ஸ்86 லினக்ஸில், அதாவது பழைய மேசைக் கணினியில், அது மைனஸ் எண்ணைத் தாங்கும். ஏஆர்எம் லினக்ஸில் வெறும் சார் என்றால் மைனஸ் இல்லாத வகை. மைனஸ் 3 அங்கே 253 ஆகிவிடும், 20ஐத் தாண்டிவிடும், எண்ணிக்கை பூஜ்யமாகும். வகையைச் சைன்ட் சார் என்று மாற்றியதும் சரியானது. கம்பைல் செய்யும்போதே -டபிள்யூஎக்ஸ்ட்ரா கொடுத்திருந்தால் "மைனஸ் 20ஐ விடப் பெரியதா" என்ற ஒப்பீடு எப்போதும் உண்மைதான் என்று எச்சரித்திருக்கும்.

அப்படியானால் எந்த மதிப்பை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

ஒரு ஃபங்ஷனின் முதல் இன்ஸ்ட்ரக்‌ஷனில் நின்றால் ஆர்கியூமென்ட்களை நம்பலாம். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் முழு எண்ணும் பாயின்டரும் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற வரிசையில் வரும். 64 பிட் ஏஆர்எம்மில் எக்ஸ்0 முதல் எக்ஸ்7 வரை. பெயரை வைத்து பிரேக்பாயின்ட் (இங்கே நிறுத்து என்ற குறி) போட்டால் ஜிடிபி ஃபங்ஷனின் தொடக்கப் படிகளைத் தாண்டி நிற்கப் பார்க்கும். பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால் துல்லியமாக முதல் முகவரியில் நிற்கும். திரும்பி வரும் மதிப்பையும் நம்பலாம். "ஃபினிஷ்" கொடுத்தால் ஜிடிபி அதைக் காட்டும், அது ஆர்ஏஎக்ஸ் அல்லது எக்ஸ்0இலிருந்து எடுப்பது.

வெளியே போகும் கால்களும் அப்படித்தான். நீங்கள் எழுதாத, கம்பைலருக்கு உள்ளே தெரியாத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் நேரத்தில், அந்த ஃபங்ஷன் பார்க்கக்கூடிய குளோபல்கள் எல்லாம் மெமரியில் சரியாக இருந்தாக வேண்டும். குளோபலைச் சரிபார்க்க வேண்டுமென்றால் லூப்பின் நடுவில் நிற்பதைவிட இந்த மாதிரி இடத்தில் நிற்பது மேல்.

நம்பக் கூடாதவற்றில் முதலில் வருவது லூப் எண்ணி. ஐ என்று எழுதிய வேரியபிளை கம்பைலர் தூக்கிவிட்டு பாயின்டரை நகர்த்திக்கொண்டிருக்கும். லூப் வெக்டராக, அதாவது ஒரே நேரத்தில் பல எண்களைச் சேர்த்துக் கையாளும்படி, மாறியிருந்தால் இன்னும் மோசம், கூட்டுத்தொகை நான்கு தனித்தனி பகுதிகளாக ஒரு அகல ரிஜிஸ்டரில் இருக்கும், லூப் முடிந்த பிறகுதான் ஒன்றாகச் சேரும். சோர்ஸில் சொல்லப்பட்ட அந்த "இதுவரையான கூட்டுத்தொகை" என்ற எண் நடுவில் எங்குமே இருக்காது. ஜிசிசி 12இலிருந்து -ஓ2இலேயே இது ஓரளவு நடக்கிறது, முன்பு -ஓ3 வேண்டும்.

ஒரு வேரியபிள் இப்போது எங்கே இருக்கிறது என்று டீபக்கரிடமே கேட்க முடியுமா?

முடியும், இதை எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும். "இன்ஃபோ அட்ரஸ்" என்று கொடுத்து வேரியபிள் பெயரைச் சொன்னால், எந்த முகவரி வரம்பில் எந்த ரிஜிஸ்டரில் என்ற பட்டியலைக் காட்டும். "இன்ஃபோ ஸ்கோப்" அந்த இடத்தில் தெரியும் எல்லா வேரியபிள்களுக்கும் சேர்த்துச் சொல்லும். பிறகு "டிஸ்அசெம்பிள்" கட்டளையை ஸ்லாஷ் எஸ் சேர்த்துக் கொடுத்தால் சோர்ஸ் வரியும் இன்ஸ்ட்ரக்‌ஷனும் கலந்து வரும், நீங்கள் நிற்கும் இடத்தில் அம்புக்குறி இருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அசெம்பிளி பயமாக இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளிடம் நான் சொல்வது, எழுத வேண்டாம், வாசித்தால் போதும். மூவ், ஆட், சப், கம்பேர், ஜம்ப், கால் ஆகியவை புரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

வரி வரியாக நகர்த்தினால் அம்பு முன்னும் பின்னும் குதிக்கிறது. ஏன்?

கம்பைலர் இன்ஸ்ட்ரக்‌ஷன்களை இடம் மாற்றி அடுக்கியிருக்கிறது. மெமரியிலிருந்து படிப்பது மெதுவான வேலை என்பதால் அதை முன்கூட்டியே தொடங்கி வைக்கும், உடனே தேவைப்படாததைத் தள்ளிப் போடும். இதனால் 40ஆம் வரியில் நிற்கும்போது 38ஆம் வரியின் பாதி இன்னும் ஓடாமல் இருக்கலாம், 42ஆம் வரியின் ஒரு துண்டு ஏற்கெனவே ஓடியும் இருக்கலாம். வரியை விட்டுவிட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் அளவில் நகருங்கள், "ஸ்டெப்ஐ", "நெக்ஸ்ட்ஐ".

பேக்ட்ரேஸில் மேல் ஃப்ரேமுக்குப் போய்ப் பார்த்த மதிப்பு சரியாக இருக்குமா?

பேக்ட்ரேஸ் என்பது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல், மேல் ஃப்ரேம் என்றால் கூப்பிட்ட ஃபங்ஷன். பதில் ரிஜிஸ்டரைப் பொறுத்தது. கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் காப்பாற்றித் திருப்பித் தர வேண்டிய ரிஜிஸ்டர்கள் என்று சில உண்டு; எக்ஸ்86இல் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை. அவற்றில் இருந்த வேரியபிள்களை டீபக்கர் ஸ்டாக்கிலிருந்து மீட்டுக் காட்டும், நம்பலாம். மற்ற ரிஜிஸ்டர்களில் இருந்தவை கால் போனதோடு மிதிபட்டிருக்கும், மேல் ஃப்ரேமில் நின்றுகொண்டு நீங்களாக ஆர்சிஎக்ஸை அச்சடித்துப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

ஆனால் இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. கீழே "ஆப்டிமைஸ்ட் அவுட்" ஆன பாயின்டர் மேல் ஃப்ரேமில் உயிரோடு இருப்பது சகஜம், ஏனென்றால் கூப்பிட்டவருக்கு அது பின்னால் தேவைப்படும். சி++இல் "திஸ்" காணாமல் போனால் நான் முதலில் செய்வது ஒரு ஃப்ரேம் மேலே போவதுதான். ஆர்கியூமென்ட் பெயருக்குப் பின்னால் ஜிடிபி "அட் என்ட்ரி" என்று சேர்த்துக் காட்டினால் அது ஃபங்ஷனுக்குள் நுழைந்தபோது இருந்த மதிப்பு, இப்போதைய மதிப்பு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

டீபக்கரில் மதிப்பை மாற்றினேன், புரோகிராம் கண்டுகொள்ளவே இல்லை.

கம்பைலர் அந்த மதிப்பை ஏற்கெனவே வேறொரு ரிஜிஸ்டரில் நகல் எடுத்திருக்கும், அல்லது அது எப்போதும் 10தான் என்று கண்டுபிடித்து 10ஐ நேரடியாக இன்ஸ்ட்ரக்‌ஷனிலேயே எழுதியிருக்கும். நீங்கள் மாற்றிய இடத்தை இனி யாரும் படிக்கப் போவதில்லை. ஆப்டிமைஸ் ஆன கோடில் "மாற்றிப் பார்த்தேன், பலனில்லை, அதனால் காரணம் இது இல்லை" என்ற வாதம் செல்லாது.

பிரின்ட்எஃப் போட்டவுடன் பிழை மறைந்துவிடுகிறது!

பிரின்ட்எஃப் போட்டால் அந்த மதிப்பு அந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டும், குளோபல்கள் மெமரிக்குப் போக வேண்டும், ரிஜிஸ்டர் ஒதுக்கீடு மாறும், நேரமும் மாறும். வாலடைல் (ஒவ்வொரு முறையும் மெமரியையே தொடு என்று கம்பைலருக்குச் சொல்வது) என்று போட்டாலும் கிட்டத்தட்ட இதேதான். நீங்கள் பார்ப்பது இப்போது வேறொரு புரோகிராம். மறைந்ததைச் சரியானதாக எடுத்துக்கொண்டு அப்படியே அனுப்பி வைக்கிற பழக்கத்தைத் தயவு செய்து விடுங்கள், அந்தப் பிழை அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

-ஓ0இல் வராமல் -ஓ2இல் மட்டும் வரும் பிழைக்கு எல்லோரும் கம்பைலரைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி நம் கோடு: மதிப்புக் கொடுக்காத வேரியபிள், அரே எல்லையைத் தாண்டுவது, சைன்ட் எண் வழிந்து போவது, இரண்டு த்ரெட்கள் பூட்டில்லாமல் ஒரே வேரியபிளைத் தொடுவது. அட்ரஸ் சானிடைசர், அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசர், த்ரெட் சானிடைசர், வால்கிரைன்ட் ஆகிய பிழை தேடும் கருவிகளை டீபக்கரைத் திறப்பதற்கு முன்பே ஓட்டிவிடுங்கள்.

-ஓஜி போட்டால் தீர்ந்ததா?

ஜிசிசி 4.8இல், 2013இல் வந்தது, எழுது–கம்பைல் செய்–டீபக் செய் என்ற சுழற்சிக்காகவே செய்தது. நல்லதுதான், ஆனாலும் அதிலும் சில வேரியபிள்கள் காணாமல் போகும். கிளாங்கில் அது -ஓ1 மாதிரியே நடந்துகொள்ளும் என்றுதான் அவர்களுடைய ஆவணமே சொல்கிறது. எனக்கு அதைவிட உபயோகமாக இருப்பது, முழு புரோகிராமையும் -ஓ2இல் விட்டுவிட்டு சந்தேகப்படும் ஒரே ஒரு ஃபைலை மட்டும் -ஓ0இல் கம்பைல் செய்து சேர்ப்பது. வேகமும் பெரிதாகப் போகாது, பார்க்க வேண்டிய இடமும் தெளிவாகும். கிளாங்கில் ஒரே ஃபங்ஷனுக்கு மட்டும் "ஆப்ட்நன்" அட்ரிபியூட் போடலாம். ஜிசிசியிலும் ஃபங்ஷனுக்கு ஓ0 கேட்கும் அட்ரிபியூட் உண்டு, டீபக் செய்ய மட்டும், வெளியே போகும் பில்டில் வேண்டாம். விஷுவல் சி++இல் ஆப்டிமைஸ் பிராக்மாவை ஆஃப் செய்யலாம். பிழை மறைந்துவிட்டால், மேலே சொன்னதுதான், அதைத் தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்வாக அல்ல.

வாட்ச் போட்டால்?

வாட்ச் என்றால், மதிப்பு மாறும்போது நிறுத்து என்று டீபக்கரிடம் சொல்வது. லோக்கல் வேரியபிள் ரிஜிஸ்டருக்கு ரிஜிஸ்டர் நகர்கிறபோது வாட்ச் பிரயோஜனப்படாது. மெமரியில் இருக்கும் விஷயத்துக்கு, ஸ்ட்ரக்டின் ஒரு ஃபீல்டுக்கோ ஹீப்பில் இருக்கும் ஒன்றுக்கோ, "வாட்ச்" கட்டளையோடு மைனஸ் எல் சேர்த்து முகவரியையே கண்காணிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்86 பிராசசரில் இதற்கு 4 முகவரிகள் வரைதான் இடம். அதோடு ஆர்ஆர் என்ற பதிவுக் கருவியும் சேர்ந்தால், பிழை நடந்த ஓட்டத்தைப் பதிந்து வைத்துக்கொண்டு பின்னோக்கி ஓட்டி, இந்த பைட்டைக் கடைசியாக எழுதியது யார் என்று நேரே கேட்கலாம். மொஸில்லாவில் உருவானது, லினக்ஸில் இலவசம். இதைப் பழகாமல் இருக்காதீர்கள்.

வாடிக்கையாளர் இடத்திலிருந்து கோர் ஃபைல் மட்டும் வந்திருக்கிறது. எதைப் பார்க்கணும்?

கோர் ஃபைல் என்பது புரோகிராம் விழுந்தபோது அதன் மெமரி இருந்த நிலையின் நகல். எல்லாவற்றுக்கும் முன்னால், கையில் இருக்கும் பைனரியும் அங்கே ஓடியதும் ஒன்றா என்று பில்ட் ஐடியை (பைனரிக்குள் பதிந்திருக்கும் அடையாள எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வரி மாறிய சோர்ஸில் இருந்து மறுபடி பில்ட் செய்து அதன் குறிப்பேட்டை வைத்துப் பார்த்தால், எல்லா மதிப்பும் வரும், எல்லாமே தப்பாக வரும். -ஜி கொடுப்பதால் ஓடும் கோடு மாறாது, ஃபைல்தான் பெருக்கும். ஆகவே எப்போதும் -ஜியோடு பில்ட் செய்து, குறிப்பேட்டை ஆப்ஜ்காப்பி மூலம் தனி ஃபைலாகப் பிரித்து உங்களிடம் பத்திரமாக வைத்துக்கொண்டு, மெலிந்த பைனரியை மட்டும் அனுப்புங்கள்.

ரஸ்ட், கோ, ஜாவாவில் இந்தத் தொல்லை இல்லையா?

ரஸ்டும் கிளாங்குக்கு அடியில் இருக்கும் அதே எல்எல்விஎம் வழியாகப் போவதால் ரிலீஸ் பில்டில் அப்படியே உண்டு. கோவில் "ஜிசிஃபிளாக்ஸ்" என்ற இடத்தில் எல்லா பேக்கேஜுக்கும் மைனஸ் என், மைனஸ் எல் கொடுத்தால் ஆப்டிமைசேஷனும் இன்லைனிங்கும் (ஃபங்ஷனைக் கூப்பிடாமல் அதன் கோடை அந்த இடத்திலேயே விரிப்பது) நிற்கும். ஜாவாவில், புரோகிராமை ஓட்டும் ஹாட்ஸ்பாட் தேவைப்படும்போது ஆப்டிமைஸ் ஆன கோடை விட்டு இன்டர்பிரெட்டருக்குத் திரும்பிவிடுவதால் டீபக்கரில் லோக்கல் மதிப்புகள் பொதுவாகச் சரியாகவே வரும்.

வீட்டில் இதை எப்படிப் பழகுவது?

பத்து வரியில் ஒரு சி புரோகிராம் எழுதுங்கள்: ஒரு குளோபல் எண்ணி, ஒரு குளோபல் அரே, அதன் மேல் ஒரு லூப், இரட்டைப்படை என்றால் எண்ணியைக் கூட்டு, இல்லையென்றால் பூஜ்யமாக்கு. அரேயில் உள்ள எண்கள் கம்பைலருக்கு முன்கூட்டியே தெரியாதபடி உள்ளீட்டிலிருந்து வாங்குங்கள், லூப்பை இன்லைன் ஆகாத தனி ஃபங்ஷனில் வையுங்கள், லூப்புக்குள் வேறு எதையும் கூப்பிடாதீர்கள். -ஜியோடு -ஓ0இல் ஒன்று, -ஓ2இல் ஒன்று என இரண்டு பைனரி. இரண்டிலும் லூப்பின் உள்ளே நின்று எண்ணியின் மதிப்பைக் கேளுங்கள், டிஸ்அசெம்பிளியில் கூட்டல் நடக்கும் ரிஜிஸ்டரைத் தேடி அதன் மதிப்பையும் கேளுங்கள், லூப்புக்கு வெளியே மெமரியில் எழுதும் அந்த ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு முன்னும் பின்னும் நின்று மறுபடி கேளுங்கள். பிறகு லூப்புக்குள் ஒரு பிரின்ட்எஃப் சேர்த்து, அந்த எழுதும் இன்ஸ்ட்ரக்‌ஷன் எந்த இடத்துக்கு நகர்ந்தது என்று பாருங்கள்.